ஒரு நூல் தள்ளி

என் மகளின் மேசை இழுப்பறையில் ஓர் ஊதா நிற மார்க்கர் கிடக்கிறது. மூடியில் அவளுடைய முதல் பற்களின் தடம் இருக்கிறது. அவளுக்கு ஒரு வயது முடிந்து, சிறுசேரியில் என் அலுவலகத்துக்குப் பக்கத்துக் குழந்தைகள் காப்பகத்தில் விடலாம் என்று யோசித்தபோது வாங்கியது. பால் புட்டி, டிபன் டப்பா, மாற்றுத் துணி வைக்கும் பை எல்லாவற்றிலும் பெயர் எழுதிக் கொடுக்க வேண்டும், தண்ணீரில் அழியாத மையாக இருக்க வேண்டும் என்று காப்பகத்தில் சொல்லியிருந்தார்கள். ஆனால் அந்த வருடம் அவளைக் காப்பகத்தில் விடவில்லை. அந்த மார்க்கரை நான் முதன்முதலில் தொட்டு எழுதியது புட்டியில் அல்ல, என் அம்மாவின் வயிற்றில். அதன் பிறகு ஒவ்வொரு ஜூனிலும் மகளின் பொருள்களில் பெயர் எழுதும் வேலை என் கணவருடையதாகிவிட்டது. அவர் வெள்ளை ஒட்டுத்தாளில் பால்பாயிண்ட் பேனாவால் எழுதி ஒட்டுவார். அது இரண்டு மாதத்தில் உரிந்துவிடும். "மார்க்கர் இருக்கே" என்று ஒருமுறை கேட்டார். காய்ந்துவிட்டது என்றேன். காயவில்லை என்பது எனக்குத் தெரியும்.

எங்கள் வீடு மாமல்லபுரத்திலிருந்து திருக்கழுக்குன்றம் போகும் ரோட்டில், பட்டறைகளின் உளிச் சத்தம் கேட்கும் தூரத்தில் இருக்கிறது. அப்பா நான் எட்டாவது படிக்கும்போது இறந்துவிட்டார். அதற்கு முன்பிருந்தே அம்மா ஒரு சிலைப் பட்டறையில் கல்லுக்கு மெருகு போடும் வேலை செய்தார். செதுக்கி முடித்த சிலையின் மேல் தண்ணீரை ஊற்றி ஊற்றி உப்புத்தாளால் தேய்க்கிற வேலை. நாள் முழுக்கக் கை ஈரத்திலேயே இருக்கும். சோறு பிசைகிறபோது அவர் விரல் நுனிகளில் ரேகையே தெரியாது. அந்தக் கையால் என்னைப் பொறியியல் படிக்க வைத்தார். நான் மென்பொருளைச் சோதித்து, அதில் மற்றவர்கள் விட்ட தவறுகளைக் கண்டுபிடித்து எழுதும் வேலைக்குப் போனேன். "ஊரான் தப்ப கண்டுபுடிக்கறதுக்கு ஏசி ரூமா?" என்று அம்மா சிரிப்பார். நானும் சிரித்திருக்கிறேன்.

பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்தவள் அங்கேயே தங்கிவிட்டேன். கணவருக்கு ஒரகடம் பக்கம் தொழிற்சாலையில் இரவு வேலை. அவரும் அம்மா வீட்டுக்கே வந்து சேர்ந்தார். அந்த மாதங்களில் அம்மா கறுப்பும் கருநீலமுமாகவே புடவை கட்டினார். பின்பக்கக் கொடியில் எப்போதும் பழந்துணிகள் அலசிக் காய்ந்தன. குழந்தையின் துணியோடு துணியாக அவை கிடந்ததால் நான் கவனிக்கவில்லை என்று இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கவனித்தேன். ஐம்பத்து நான்கு வயதில், மாதவிலக்கு நின்று வருடங்கள் ஆன ஒருவருக்கு எதற்கு இத்தனை பழந்துணி என்று ஒருநாள் நினைத்தேன். அதற்குள் குழந்தை அழுதது, எழுந்து போய்விட்டேன். கடைசியில் ஒருநாள் அம்மா சமையலறையில் மயங்கி விழுந்தபோதுதான் எல்லாம் தெரிந்தது. எட்டு மாதமாக இரத்தம் போய்க்கொண்டிருந்தது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "நீ பச்ச ஒடம்புக்காரி. உன்னாண்ட இன்னாத்த சொல்றது" என்றார்.

கருப்பைவாய்ப் புற்றுநோய். அறுவை சிகிச்சைக்கான கட்டம் தாண்டிவிட்டது, ஆனால் கதிர் சிகிச்சையில் குணமாக நல்ல வாய்ப்பு இருக்கிறது என்றார் மருத்துவர். இருபத்தைந்து நாள் வெளியிலிருந்து கதிர், வாரம் ஒருமுறை ஊசி மருந்து, பிறகு மூன்று முறை உடம்புக்குள்ளேயே கதிர் வைக்கும் சிகிச்சை. சனி ஞாயிறு தவிர இடைவெளி விழக்கூடாது என்பதை மூன்று தடவை சொன்னார். நான் நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டுக்கொண்டேன். முதலில் ஒருநாள் படுக்க வைத்துப் படம் எடுத்து, அம்மாவின் வயிற்றில் தொப்புளுக்குக் கீழே ஒன்றும் இரண்டு இடுப்புப் பக்கங்களில் ஒவ்வொன்றுமாக மூன்று கூட்டல் குறிகளை ஊதா மையால் போட்டார்கள். "இந்தக் கோடு அழியக் கூடாது. தண்ணி படாம ஒடம்ப தொடச்சிக்கோங்க. சோப்பு கூடவே கூடாது" என்றார் டெக்னீசியன். என் அப்பா இருந்தால் அந்த வயது இருக்கும். கண்டிப்பான, வேலையில் சுத்தமான மனிதர். சிகிச்சை அறையில் மூன்று பக்கத்திலிருந்தும் மெல்லிய சிவப்பு ஒளிக்கோடுகள் வரும். கீழே விரித்த துணியை இழுத்து, அம்மாவின் உடம்பை இப்படியும் அப்படியும் நகர்த்தி, அந்த ஒளி மைக்கோட்டின் மேல் சரியாக விழும்படி செய்வார். அதன் பிறகு எல்லோரும் வெளியே வந்துவிடுவோம், கனமான கதவு மூடும். உடம்புக்காகக் கோடு என்று நான் நினைத்திருந்தேன். அங்கே கோட்டுக்காக உடம்பை நகர்த்தினார்கள்.

அம்மாவுக்கு இது உடனே புரிந்துவிட்டது. முதல் நாளே பஸ்ஸில் சொன்னார், "எங்க பட்டறையில கல்லு மேல காவியில கோடு போடுவாங்க இல்ல, அதே கதைதான். அங்க தண்ணி ஊத்தி ஊத்திக் கோடு அழிஞ்சிகினே இருக்கும், ஸ்தபதி மறுபடி மறுபடி அளந்து போட்டுகினே இருப்பாரு. ஒரு நூலு தள்ளிப் போச்சுன்னா மூக்கு கோணிக்கும்." நூல் என்பது அவர்கள் கணக்கில் அரைக்கால் அங்குலம். பட்டறைக்காரர்கள் எதையும் நூலால்தான் சொல்வார்கள். எனக்குச் செருப்பு வாங்கும்போதுகூட "ஒரு நூலு பெருசா குடுப்பா" என்று அம்மா கடைக்காரரிடம் கேட்பார்.

தினமும் காலையில் முதலில் பஸ். செங்கல்பட்டில் இறங்கி மின்சார ரயில், பிறகு ஆட்டோ. கணவர் வேலை முடிந்து வந்ததும் குழந்தையை அவர் கையில் கொடுத்துவிட்டு ஓடுவேன். சிகிச்சைக்கு முன் ஒரு லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு, சிறுநீரை அடக்கிக்கொண்டு படுக்க வேண்டும். அம்மா காத்திருப்புக் கூடத்தில் முட்டிகளை இறுக்கி உட்கார்ந்து, முன்னால் இருப்பவர்களின் எண்ணிக்கையைக் கேட்டுக்கொண்டே இருப்பார். நான் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை பார்ப்பதாகப் பாவனை செய்வேன். திரும்பும்போது ரயிலில் வாந்தி. கையில் எப்போதும் ஓர் எலுமிச்சம்பழமும் பாலிதீன் பைகளும் இருக்கும். வாந்தி எடுத்து முடித்ததும் அம்மா பக்கத்து இருக்கைக்காரர்களிடம், "மாசமா கீறேன்" என்று சொல்லிச் சிரிப்பார். அந்தக் கூட்டத்தில் அவர் ஒருவர்தான் சிரித்தார்.

எங்கள் தெருவில் கதிர் சிகிச்சைக்குப் பெயர் கரண்டு. "கரண்டு வெச்சுகினு வர்றாங்க, கொழந்தைய தூக்கலாமா?" என்று யாரோ கேட்டதை நான் காதில் வாங்கியிருக்கக் கூடாது. வெளியிலிருந்து கொடுக்கும் கதிர் உடம்பில் தங்காது, குழந்தையைத் தூக்கலாம் என்று மருத்துவமனையில் கொடுத்த தாளிலேயே இருந்தது. அதைப் படித்தேன். இணையத்திலும் படித்தேன். மறுபடியும் படித்தேன். படித்த பிறகும் முதல் வாரம் முழுவதும், அம்மா வீட்டுக்குள் வரும் நேரத்தில் குழந்தை தூங்கும்படி பார்த்துக்கொண்டேன். ஐந்தாம் நாள் அம்மா, "இப்பல்லாம் குட்டி நான் வந்தாவே தூங்கிடுது" என்றார். குரலில் எந்தக் குத்தலும் இல்லை. அன்றைக்கு வெட்கப்பட்டுக் குழந்தையை அவர் மடியில் கொண்டுபோய் வைத்தேன். வைத்துவிட்டு, எத்தனை நிமிடம் வைத்திருக்கிறார் என்று கடிகாரத்தைப் பார்த்தேன்.

இரண்டாவது வாரத்தில் ஒரு சம்பவம் நடந்தது. எங்களுக்கு முன்னால் இருந்த ஒரு பெரியவருக்குக் கோடு அழிந்துவிட்டது. வீட்டில் யாரோ வெந்நீர் வைத்துக் குளிப்பாட்டிவிட்டார்கள். டெக்னீசியன் அவருடைய மகனைக் கூடத்தில் எல்லார் முன்னாலும் வைத்துக் கேட்டார், "எத்தினி வாட்டி சொன்னேன்? இப்ப மறுபடி படம் எடுக்கணும். அந்த மெஷின் ரிப்பேர்ல கீது. எப்ப வரும்னு எனக்கே தெரியாது." அந்தப் பெரியவர் எட்டு நாள் கழித்துத்தான் மறுபடி தென்பட்டார். எட்டு நாள் இடைவெளி. நான் நோட்டைத் திறந்து நான் போட்ட அடிக்கோட்டைப் பார்த்தேன். அன்று மாலை அம்மாவின் மூன்று குறிகளையும் விளக்கு வெளிச்சத்தில் சரிபார்த்தேன். அதன்பின் தினமும் பார்த்தேன். வெள்ளிக்கிழமைதோறும் டெக்னீசியனே மங்கின கோட்டை ஒளியில் சரிபார்த்து மேலே மை தொட்டுப் புதுப்பிப்பார். அதையும் கவனித்து வைத்திருந்தேன். இவ்வளவு கவனித்தவள்தான் நான்.

பதின்மூன்று நாள் முடிந்திருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அம்மாவோடு பட்டறையில் இருபது வருடம் எதிரெதிரே உட்கார்ந்து கல் தேய்த்த தோழி இறந்துவிட்டார். நான் அவரைப் பெரியம்மா என்றுதான் கூப்பிடுவேன். மாரடைப்பு. அம்மா போகாமல் இருப்பார் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. மாலையைப் பிடித்துக்கொண்டு ஒரு ஷேர் ஆட்டோவில் போனார். மத்தியானம் மூன்று மணிக்குத் திரும்பி வந்தார். வீட்டுக்குள் வராமல் வழக்கப்படி பின்பக்கச் சந்து வழியாக வந்து துணி துவைக்கும் கல்லருகே நின்றார். அந்தக் கல்லும் பட்டறையிலிருந்து வந்ததுதான், செதுக்கும்போது பிளந்துபோன பலகை. அழுது முகம் வீங்கியிருந்தது. குழந்தை என் இடுப்பிலிருந்து அவரைப் பார்த்துக் கையை நீட்டித் தாவியது.

இறந்த வீட்டுக்குப் போய் வந்தால் தலைக்கு ஊற்றிக்கொள்ளாமல் வீட்டுக்குள் வரக் கூடாது, அதிலும் கைக்குழந்தையைத் தொடக் கூடாது. இதை நான் நம்புகிறேனா என்று யாராவது கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன். ஆனால் குழந்தைக்கு அந்த வாரம்தான் காய்ச்சல் விட்டிருந்தது. குழந்தை என்று வந்தால் நம்பாததையும் செய்துவிடுகிறவள் நான்.

"அங்கியே இரும்மா. தலைக்கு ஊத்திகினு வந்துடு" என்றேன்.

அம்மா என்னைப் பார்த்தார். "கோடு கீதேடி" என்றார். "கை கால் கழுவிகினு திண்ணையாண்ட படுத்துக்கறேன். உள்ள வரல."

குழந்தை மறுபடி தாவியது. "பாலிதீன் பைய வயித்துல கட்டிகினு ஊத்திக்கோம்மா. ஒண்ணும் ஆவாது" என்றேன்.

இந்த ஒரு வாக்கியத்தை நான் எத்தனை முறை திரும்பிச் சொல்லிப் பார்த்திருக்கிறேன் என்று கணக்கில்லை. கோட்டை நினைவூட்டியது அம்மா. குளிக்காமல் இருக்க வழி சொன்னதும் அம்மாதான். ரயிலில் வாந்திக்கு வைத்திருந்த பைகளில் இரண்டை நானே கொண்டுவந்து, பாவாடை நாடாவோடு சேர்த்து அவர் வயிற்றைச் சுற்றிக் கட்டினேன். அம்மா கையைத் தூக்கிக்கொண்டு நின்றார். பிறகு டிரம்மிலிருந்து மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டார். இருபது வருடத் தோழிக்கு ஊற்றுகிற தண்ணீர். குறைவாக ஊற்றவில்லை.

பையை அவிழ்த்தபோது தண்ணீர் உள்ளே தேங்கியிருந்தது. வலது இடுப்பில் இருந்த குறி மட்டும் தப்பியிருந்தது. வயிற்றில் இருந்தது கரைந்து ஒரு நீலச் சாயலாக நின்றது. இடது பக்கம் ஒன்றுமே இல்லை. அம்மா குனிந்து பார்த்துவிட்டு, "போச்சா" என்றார். நான் ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். நாளைக்குத் திங்கட்கிழமை. மறுபடி படம், ரிப்பேர் மெஷின், எட்டு நாள் இடைவெளி, கூடத்தில் எல்லார் முன்னாலும் கேள்வி. எந்த வரிசையில் பயந்தேன் என்று யோசிக்கிறேன். அந்தக் கேள்வி கடைசியாகத்தான் வந்தது என்று சொல்லத்தான் ஆசை.

உள்ளே போய்க் குழந்தையின் அலமாரியைத் திறந்தேன். இரண்டு பேனாக்கள் இருந்தன. ஒன்று சாதாரண ஸ்கெட்ச். இன்னொன்று இந்த மார்க்கர். நிறமும் கிட்டத்தட்ட அதே ஊதா. அம்மாவைக் கட்டிலில் படுக்க வைத்து, என் பள்ளிக்கால அடி ஸ்கேலை எடுத்துக்கொண்டேன். மங்கலாகத் தெரிந்த நடுக் குறியின் மேல் கோடு போட்டேன். அதில் பெரிய தவறு இருந்திருக்காது என்று நினைக்கிறேன். பிறகு வலது குறி தொப்புளிலிருந்து எவ்வளவு கீழே இருக்கிறது என்று அளந்து, அதே அளவை இடது பக்கம் வைத்தேன். மூச்சு விடும்போது அளவு மாறியது. ஒருக்களித்தால் தோல் இழுத்துக்கொண்டு நகர்ந்தது. இரண்டு வாரத்தில் அம்மா இளைத்திருந்தார், இடுப்பெலும்பின் மேல் தோல் தொளதொளவென்று இருந்தது. ஸ்கேல் எங்கே வைத்தாலும் சரியாக இருப்பதுபோலவும் தவறாக இருப்பதுபோலவும் தெரிந்தது. "அந்த ஆளு இங்கதான் வெரல வெப்பாரு, நாலு வெரக்கடை" என்று அம்மா கையை வைத்துக் காட்டினார். அவர் கைவிரலும் டெக்னீசியனின் கைவிரலும் ஒரே அகலமா என்று எனக்குத் தெரியவில்லை.

"கோலத்துக்கே ஒழுங்கா புள்ளி வெக்க மாட்ட. உன் கைல வயித்த குடுத்துட்டு படுத்துகினு கீறேன் பாரு" என்றார் அம்மா. அழுது ஓய்ந்த முகத்தில் சிரிப்பு வந்தது. "நடுவுல ஒரு தாமரப் பூ போடு. அந்த ஆளு மெரண்டு போவட்டும்."

நான் சிரிக்கவில்லை. இடது குறியைப் போட்டு, அதன் மேலேயே இன்னொரு முறை அழுத்திப் போட்டேன். "சரியா கீதாம்மா?" என்று கேட்டேன். இதை எதற்கு அவரிடம் கேட்டேன்? அவரால் அந்த இடத்தைப் பார்க்கக்கூட முடியாது. "நீ படிச்சவ. உனக்குத் தெரியாதா" என்றார். பிறகு, புடவையைச் சரிசெய்துகொண்டே, "அந்த ஆளாண்ட சொல்லாத. மொதல்லேருந்து ஆரம்பிப்பான். என்னால இன்னொரு பதிமூணு நாளு முடியாதுடி" என்றார். முதலிலிருந்து ஆரம்பிக்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரிந்திருந்தது. திருத்தவில்லை. அவர் சொல்லாதே என்று சொன்னது எனக்கு வசதியாக இருந்தது.

திங்கட்கிழமை டெக்னீசியன் போர்வையை விலக்கிப் பார்த்தார். நான் கதவருகே நின்றேன். ஒளிக்கோடு வந்தது. துணியை இழுத்தார், அம்மாவின் இடுப்பைக் கொஞ்சம் நகர்த்தினார், இன்னும் கொஞ்சம் நகர்த்தினார். முந்தைய நாள்களைவிட அதிகமாக நகர்த்தினாரா? அதிகம் என்றுதான் அன்று தோன்றியது. வீட்டுக்கு வந்த பிறகு இல்லை என்று தோன்றியது. இப்போது எப்படித் தோன்றும் என்பது அந்தந்த நாளைப் பொறுத்தது. "கோடு நல்லா பளிச்சுனு கீதே. பத்திரமா வெச்சிருக்கீங்கம்மா" என்றார். அம்மா கூரையைப் பார்த்துக்கொண்டு, "எம்பொண்ணு பாத்துக்குது" என்றார். கதவு மூடியது.

மீதி இருந்தது பன்னிரண்டு நாள். வெள்ளிக்கிழமை வந்தது. மற்றவர்களுக்கெல்லாம் மங்கின கோட்டைச் சரிபார்த்துப் புதுப்பித்தவர், அம்மாவுடையதை விட்டுவிட்டார். மங்கவில்லையே. அது காப்பகத்துப் புட்டிகளுக்காக வாங்கிய மை. வியர்வைக்கும் அசையவில்லை. அடுத்த வெள்ளியும் அப்படியே போனது. அந்த வாரத்தில்தான் இன்னொரு பெண்ணுக்குக் கோடு அழிந்துவிட்டது. வழக்கம்போல டெக்னீசியன் சத்தம் போட்டார். ஆனால் மெஷின் அப்போது சரியாகியிருந்தது. அன்று மத்தியானமே படம் எடுத்து, மறுநாள் அந்தப் பெண் வரிசையில் இருந்தார். ஒருநாள்கூட வீணாகவில்லை. நான் மடிக்கணினிக்குப் பின்னால் உட்கார்ந்து அதைப் பார்த்தேன். அன்றைக்கு எங்களுக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது. அப்போதாவது எழுந்து போய்ச் சொல்லியிருக்கலாம். சொன்னால் இதுவரை போன எட்டு நாளுக்கும் பதில் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பயந்து செய்ததை ஒரு தவறு என்று சொல்லலாம். அந்த நான்கு நாளும் நான் தெரிந்தே சொல்லாமல் இருந்தேன். அதற்கு வேறு பெயர் வேண்டும், எனக்குக் கிடைக்கவில்லை.

எல்லாச் சிகிச்சையும் முடிந்து மூன்று மாதம் கழித்துப் பரிசோதனையில், கட்டி சுருங்கிவிட்டது என்றார்கள். அம்மா பட்டறைக்குப் போகத் தொடங்கினார். நான் சிறுசேரிக்குப் போகத் தொடங்கினேன். குழந்தை அவர் பின்னாலேயே ஓடியது. எட்டு மாதம் நான் கிட்டத்தட்ட மறந்திருந்தேன். பிறகு அம்மாவுக்கு முதுகு வலித்தது. உட்கார்ந்து தேய்க்கிற வேலைதானே என்றார். இடது கால் வீங்கியது. ஸ்கேன் எடுத்தோம். அறிக்கையை மருத்துவரிடம் கொடுப்பதற்கு முன் நானே தாழ்வாரத்தில் நின்று படித்தேன். இடுப்புக்குள், இடது பக்கச் சுவரை ஒட்டி, நிணநீர்க் கட்டிகள். இடது என்ற சொல்லைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ஒரு சொல் மாறி அச்சாகியிருக்கலாம் என்று என் தொழில் புத்தி தேடியது. மாறவில்லை.

மருத்துவர் இளம்பெண், என் வயதுதான் இருக்கும். "சில பேருக்கு இப்படித் திரும்ப வரும்மா. நம்ம கையில இல்ல" என்றார். கேள்வி என் நாக்கு நுனியில் இருந்தது. கோடு தள்ளிப் போயிருந்தால் இடது பக்கம் விட்டுப்போயிருக்குமா, டாக்டர்? வாயைத் திறந்தேன். மேசைக்குக் கீழே அம்மாவின் கை என் தொடையைப் பிடித்து அழுத்தியது. ரேகை இல்லாத அந்த விரல்களின் பலம் எனக்கு அன்றுதான் தெரிந்தது. நான் வேறு ஏதோ கேட்டேன், சாப்பாட்டைப் பற்றி.

செங்கல்பட்டு பஸ் நிலையத்தில் எங்கள் பஸ்ஸுக்காகக் காத்திருந்தபோது அம்மாவே பேச்சை எடுத்தார். "கேட்டு இன்னா பண்ணப் போற? அந்தம்மா ஆமான்னுட்டா நீ உருப்படியா குட்டிய வளக்க மாட்ட. இல்லன்னுட்டா நம்ப மாட்ட. எதுக்குக் கேக்கணும்?" நான் அழுதேன். சுற்றிலும் ஆட்கள். "நான்தாம்மா தலைக்கு ஊத்திக்கச் சொன்னேன்" என்றேன். அம்மா பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தார். மறுத்துவிடுவார், அதெல்லாம் இல்லை என்று சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. "கல்லா இருந்தா பக்கத்துல இன்னொண்ணு எடுத்துக்கலாம்" என்று மட்டும் சொன்னார். பஸ் வந்தது.

அந்த வாக்கியத்துக்கு என்ன அர்த்தம் என்று நான் பிறகு கேட்கவில்லை. கேட்க ஏழு மாதம் இருந்தது. மறுபடி ஊசி மருந்து, நிறுத்தம், வலிக்கான மாத்திரை, பிறகு வலிக்கான சொட்டு மருந்து. இடது கால் வீங்கி உலக்கைபோல் கிடந்தது. கடைசி வாரங்களில் யாரையும் தொடவிடவில்லை. குழந்தை வந்து வீங்கின காலின் மேல் ஒவ்வொரு விரலாகத் தொட்டு எண்ணினால் மட்டும் கண்ணைத் திறப்பார். ஒரு வியாழக்கிழமை முன்மதியம், பட்டறைகளில் உளிச் சத்தம் ஓங்கிக் கேட்டுக்கொண்டிருந்த வேளையில் இறந்துபோனார். நான் பக்கத்து அறையில் அலுவலகத் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தேன்.

குளிப்பாட்டுவதற்குப் பின்பக்கம் அதே துவைக்கும் கல்லருகே கொண்டுபோய்க் கிடத்தினார்கள். அதே டிரம். உறவுக்காரப் பெண்கள் நான்கு பேர் புடவையை மறைப்பாகப் பிடித்துக்கொண்டார்கள். அத்தை தண்ணீர் மொண்டு கொடுக்க நான் ஊற்றினேன். அம்மாவின் அடிவயிறு கறுத்திருந்தது. கதிர் பட்ட இடம் அப்படிக் கறுத்துவிடும், ஒன்றரை வருடமாகியும் அது மாறவில்லை. முன்னால் ஒரு சதுரம், பக்கங்களில் ஒவ்வொன்று. ஓரங்கள் திட்டுத்திட்டாக மங்கி, எங்கே ஆரம்பிக்கிறது எங்கே முடிகிறது என்று தெரியாமல் இருந்தன. நான் செம்பைக் கீழே வைத்தேன். தொப்புளுக்குக் கீழே நான்கு விரலை வைத்தேன். பிறகு வலது பக்கம் வைத்துப் பார்த்தேன், இடது பக்கம் வைத்துப் பார்த்தேன். மறுபடி வலது. என்ன செய்கிறேன் என்று அந்தப் பெண்களுக்குப் புரியவில்லை. "இன்னாடி பண்றே, விடு. பாவம் அவ" என்று அத்தை என் கையை எடுத்துவிட்டார். அளவு பிடிபடவில்லை. அதற்குள் தண்ணீர் ஊற்றிவிட்டார்கள்.

இது நடந்து கிட்டத்தட்ட மூன்று வருடமாகிறது. மகள் இப்போது யுகேஜி. நேற்று மாலை புதுத் தண்ணீர்ப் புட்டியோடு வந்து, அப்பா எழுதி ஒட்டினால் கிழிந்துபோகிறது, போன வருடம் இன்னொரு பெண் என் புட்டியை எடுத்துப்போய்விட்டாள், நீதான் எழுத வேண்டும் என்று நின்றாள். இழுப்பறையைத் திறந்து மார்க்கரையும் அவளே எடுத்துக் கொடுத்தாள். மூடியைத் திறந்தேன். அதே வாசனை. புட்டியை அவள் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அவள் பெயரின் முதல் எழுத்தைப் போட்டேன், இரண்டாவது எழுத்தில் கை இழுத்துக்கொண்டது.

"தள்ளிப் போச்சும்மா. அழிச்சிட்டு எழுது" என்றாள்.

சமையலறைக் குழாயடியில் வைத்துத் தேய்த்தேன். சோப்பு போட்டுத் தேய்த்தேன். பாத்திரம் துலக்கும் நாரால் தேய்த்தபோது புட்டியில் கீறல் விழுந்தது, எழுத்து அப்படியே இருந்தது. மருத்துவமனையில் போட்டது கரைகிற மை. அதனால்தான் வாரந்தோறும் டெக்னீசியன் சரிபார்த்துச் சரிபார்த்துப் போட்டார். அன்றைக்கு அலமாரியில் இரண்டு பேனா இருந்தது, இன்னொன்று கரைகிற ஸ்கெட்ச். இது தண்ணீரில் போகாது என்று இதன் மேலேயே எழுதியிருக்கிறது. அதைப் படித்துவிட்டுத்தான் எடுத்தேன்.